சம்பந்தி சஹனில் ஒரு பல்லுக்கம்பி

நாற்பத்தாறு வயதில் நான் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டேன். குறிஞ்சிப்பிட்டியில் அந்த வயதுப் பெண்கள் முழங்காலுக்குத் தைலம் தடவுவார்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுவார்கள், அதற்கெல்லாம் ஊர் ஒன்றும் சொல்லாது. பல்லுக்குக் கம்பி என்றதும் ஊரே என் வாயை எட்டிப் பார்க்க வந்துவிட்டது. என் கணவரின் மூத்த சகோதரி, அடுத்த வளவில் இருக்கும் மதினி, முதல் நாளே வந்து என் தாடையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "கோழிக்கூட்டுக்கு அடிச்ச கம்பி மிச்சம் இரிந்திச்சா?" என்று கேட்டார். நான் படிப்பிக்கும் பாலர் பாடசாலையில் ஒரு குட்டிப் பெண் இன்னும் ஒரு படி மேலே போனாள். "டீச்சர், உங்கட வாய்க்கு ஏன் வேலி போட்டிரிக்கி? ஆடு வருமா?" என்றாள். எங்கள் பக்கம் மிளகாய்த் தோட்டத்துக்கு வேலி போடாவிட்டால் ஆடு வரும். பிள்ளை தனக்குத் தெரிந்ததை வைத்துக் கேட்டாள்.

எனக்கு மிதப்பல்லு. மேல்வரிசை முழுவதும் உதட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நிற்கும். வீட்டில் தேங்காய் துருவத் திருவலை எதற்கு, இவளிடம் கொடுங்கள் என்று சின்ன வயதில் கேட்ட பகிடி இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதனால் எனக்குச் சிரிப்பு வந்தால் முதலில் கை எழும்பி வாயை மூடும், பிறகுதான் சிரிப்பு வெளியே வரும். என் கலியாண அல்பத்தில் ஒரு படத்திலும் என் வாய் இல்லை. எல்லாவற்றிலும் மருதாணி போட்ட கைதான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஒரு தரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை, "பொண்ணுக்குப் பல்லு வலியா?" என்று கேட்டது.

கம்பி கட்டச் சொன்னது என் மகள். எனக்கு ஒரே பிள்ளை, புத்தளம் டவுனில் ஒரு கந்தோரில் வேலை. அந்த அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நாள் அவள் சொன்னாள்: "என்ட கலியாணத்துல நீங்க கைய எடுத்துட்டுச் சிரிக்கணும் உம்மா. இல்லாட்டி எனக்குக் கலியாணமே வேணாம்." அப்போது மாப்பிள்ளை என்று ஒருவரும் கிடையாது. இல்லாத மாப்பிள்ளைக்கு நிபந்தனை போட்டு, என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்ப் பல் டொக்டரின் கதிரையில் உட்கார வைத்துவிட்டாள். டொக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். நல்ல தமிழ் கதைத்தாள். ஒவ்வொரு பல்லிலும் ஒரு சின்ன இரும்புப் பொட்டை ஒட்டி, கடைவாயில் ஒரு சின்னக் குழலை ஒட்டி, எல்லாவற்றையும் கோத்து ஒரு கம்பியை ஓடவிட்டாள். கச்சான் கடலை கூடாது, முறுக்கு கூடாது, ஐஸ் கடிக்கக் கூடாது என்றாள். நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன்.

கம்பி வந்த கையோடு மாப்பிள்ளையும் வந்துவிட்டார். மகளின் கந்தோரில் வேலை செய்கிறவர், பள்ளிவாசல்துறைப் பிள்ளை, வாப்பாவுக்கு இரண்டு வள்ளம். மகள் அவரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சோறு ஆறிப்போகும். எங்களுக்கும் பிடித்துவிட்டது. அவருடைய வாப்பாவும் நல்ல கலகலப்பான மனுஷன். பிரச்சினையெல்லாம் அவருடைய உம்மாதான்.

முதல் தரம் அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அந்த அம்மா பூட்டிய அலுமாரி போல வந்து உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும் "ம்". பயணம் எப்படி? ம். வெயில் கடுமையா? ம். நான் விடிய எழும்பிப் பொரித்து வைத்த முறுக்கை அவர் தொடவில்லை, மொறுமொறு கொக்கிஸைத் தொடவில்லை. முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டலப்பத்தில் மட்டும் ஒரு கரண்டி எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு விழுங்கினார். சிரிக்கவே இல்லை. நானும் அன்று பெரிதாய்ச் சிரித்தேன் என்று சொல்ல முடியாது. அதற்கு முந்தின நாள்தான் டொக்டர் கம்பியை முறுக்கியிருந்தாள். பல்லெல்லாம் விண் விண்ணென்று தெறிக்க, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தேன். இரண்டு தாய்மாரும் எதிரும் புதிருமாக ஊமைகள் மாதிரி உட்கார்ந்திருக்க, ஆண்கள் இருவரும் வெளியே மீன் விலை, வெங்காய விலை என்று கதைத்துத் தீர்த்தார்கள்.

அவர்கள் போனதும் மதினி தீர்ப்புச் சொன்னார். "அந்தப் பொம்புளைக்கி எங்கட வீடு புடிக்கல்ல. பெத்த மகன இந்த வாசலுக்கு அனுப்ப மனசில்ல." எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். பெண்ணைப் பெற்றவளுக்கு ஒரு ஆள் கூடும், ஆணைப் பெற்றவளுக்கு ஒரு ஆள் குறையும். அதனால் மதினி சொன்னது பொய்யாக இருக்காது என்றே எனக்கும் பட்டது. அடுத்த கிழமை அங்கிருந்து ஒரு கதை வந்தது. நாள் வைப்பதைப் பற்றிப் பிறகு பார்ப்போமாம். என் மகள் அன்றிலிருந்து சோற்றை அளைந்துகொண்டு இருந்தாளே தவிர சாப்பிடவில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், "எங்கட உம்மா அப்புடித்தான்" என்று மட்டும் சொல்கிறாராம். எப்படித்தான் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில் நான்தான் முடிவெடுத்தேன். ஒரு பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவோம், ஒரே சஹனில் இருந்து சாப்பிடுவோம். சஹன் என்பது ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து கை போட்டுச் சாப்பிடும் பெரிய தட்டு. ஒரே சஹனில் கை போட்டவர்களுக்குள் பகை இருக்காது என்பது எங்கள் நம்பிக்கை. அப்படியும் அந்த அம்மா "ம்" என்று எழும்பிப் போனால் இந்தச் சம்பந்தம் அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகளுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது.

அன்று காலை சீனிச் சம்பலுக்கு மாசி இடித்துக்கொண்டிருந்தேன். மாசியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது மீன்தான், ஆனால் மீன் என்று அதற்கே மறந்துபோகும் அளவுக்குக் காய்ந்து மரக்கட்டையாகிவிட்ட மீன். அதை இடிக்கிற எந்தப் பெண்ணும் ஒரு துண்டை வாயில் போடாமல் இடித்ததாகச் சரித்திரம் இல்லை. என் உம்மா போட்டார், மதினி போடுகிறார், கையும் வாயும் அப்படிப் பழகிப்போனவை. உரலில் இருந்து தெறித்த துண்டை எடுத்து நானும் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தேன்.

கடக்.

மாசி உடைந்த சத்தம் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு நாக்கால் தடவிப் பார்த்தால் மாசி முழுசாக இருக்கிறது. கடைவாய்க் குழல்தான் பல்லை விட்டுக் கழன்று, கம்பியின் நுனியில் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கம்பி நுனி கன்னத்தின் உட்பக்கத்தில் தூண்டில் மாதிரி ஏறிவிட்டது. "யா அல்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் கோழிகள் கலைந்து ஓடின.

டொக்டரின் இடத்துக்கு ஃபோன் எடுத்தேன். அங்கே வேலை செய்யும் பிள்ளை என்ன கடித்தேன் என்று கேட்டாள். நான் மாசியைச் சொல்லாமல், "சாப்பாடு" என்றேன். பின்னேரம் வரைக்கும் டொக்டர் இருப்பா, வந்தால் ஒட்டித் தருவா, அதுவரைக்கும் உங்களுக்குத் தந்த மெழுகை உருட்டிக் கம்பி நுனியில் வைத்துக்கொள்ளுங்கள், துண்டு கழன்று விழுந்தால் பத்திரமாக எடுத்து வாருங்கள் என்றாள். மெழுகு நல்ல யோசனை. ஜன்னல் திட்டில் ஒரு சின்னப் பெட்டியில் வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் பெட்டி இருக்கிறது, மெழுகு இல்லை.

தோட்டத்தில் இருந்த கணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்தச் சின்னப் பொட்டிக்குள்ள இரிந்த மெழுகா?" என்றார் பெருமையாக. "மருந்தடிக்கிற டாங்கி ஒழுகிட்டிரிந்திச்சி. அத வெச்சி அடச்சிட்டேன். என்னா மெழுகு! ஒரு சொட்டு ஒழுகல்ல."

"அது என்ட வாய்க்கு வெச்சிரிந்த மெழுகு!"

"ஒங்கட வாயும் ஒழுகுதா?" என்று கேட்டார்.

அடுப்படியில் காலை இடியப்பத்துக்குக் குழைத்த மா ஒரு பிடி மிச்சம் இருந்தது. மெழுகும் மெதுமெதுவென்றுதான் இருக்கும், மாவும் மெதுமெதுவென்றுதான் இருக்கிறது. ஒரு சின்ன உருண்டை உருட்டிக் குழலையும் கம்பியையும் சேர்த்து அப்பினேன். அருமையாக ஒட்டிக்கொண்டது. எனக்கே என் மூளையை நினைத்துக் கர்வமாக இருந்தது. அந்த நேரத்தில் உள்ளே வந்த மகள் என் ஒரு பக்கக் கன்னம் உப்பியிருப்பதைப் பார்த்தாள், நடந்ததைக் கேட்டாள், நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"உம்மா," என்றாள், அழுகிற குரலில், "இண்டைக்கி ஒரு நாளைக்கி மட்டும் வாயத் தொறக்காதீங்க. காலப் புடிச்சிக் கேக்கிறன்."

கையை எடுத்துவிட்டுச் சிரிக்கச் சொன்ன அதே பிள்ளைதான். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் மா உருண்டை விழுந்துவிடும், அதனால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பகல் வந்தது, அவர்களும் வந்தார்கள். ஆண்கள் முன் ஹோலில், பெண்கள் உள்ளறையில். பாய் விரித்து நடுவில் சஹனை வைத்தோம். நெய்ச்சோறு, அதன் மேல் பொரித்த கோழி, சுற்றிவர கணவாய்க் கறி, கத்தரிக்காய், சீனிச் சம்பல். நான், மதினி, மாப்பிள்ளையின் உம்மா, அவருடைய மகள், அவர்கள் பக்கத்து உறவுப் பெண்கள் இரண்டு பேர். என் மகள் தண்ணீர்ச் சாடியோடு பின்னால் நின்றாள். அந்த அம்மா எனக்கு நேரே முன்னால், அதே பூட்டிய அலுமாரி.

சாப்பிடத் தொடங்குமுன் ஒரு சின்னத் தட்டில் உப்பு சுற்றிவரும், எல்லோரும் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைப்போம். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. உப்பு விளைகிற புத்தளத்தில் உப்புக்கு என்ன குறைச்சல், மதினி கல்லுக் கல்லாகவே கொண்டுவந்திருந்தார். நான் ஒரு கல்லை எடுத்து வாயில் வைத்தேன். அது நேரே போய்க் கம்பி குத்திய புண்ணில் உட்கார்ந்தது. எனக்குக் கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

மாப்பிள்ளையின் சகோதரி இரக்கத்தோடு என் முதுகைத் தடவினாள். "மகள நெனச்சி அழுறாங்க போல."

"மகள் எங்க போறா?" என்றார் மதினி. "இந்த வீட்டுலதானே இரிக்கப் போறா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழ வேண்டியவர் எனக்கு முன்னால் உலர்ந்த கண்ணோடு இருக்க, ஒரு ஆள் கூடப் போகிறவள் நான் அழுதுகொண்டிருந்தேன். அந்த அம்மா என்னை உற்றுப் பார்த்தார். அவருடைய உதடு இன்னும் இறுகியது.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கை போட்டோம். விருந்துக்குக் கூப்பிட்டவள் சும்மா இருக்க முடியாது. கோழியைப் பிய்த்து நல்ல துண்டாகப் பார்த்து எதிரில் இருப்பவரின் பக்கம் தள்ள வேண்டும். தள்ளினால் போதாது, எடுங்க எடுங்க என்று வாயாலும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மனசோடு கொடுக்கவில்லை என்று ஆகிவிடும். முதல் துண்டைத் தள்ளிவிட்டு, மூடிய வாயால் "ம் ம்" என்றேன். அந்த அம்மா பதிலுக்கு "ம்" என்றார். இப்படியே போனால் நாங்கள் இரண்டு பேரும் மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரைக்கும் "ம்" சொல்லிக்கொண்டுதான் இருப்போம் என்று பட்டது. மதினி முழங்கையால் இடித்தார். வந்தது வரட்டும் என்று வாயைத் திறந்து, "எடுங்க ராத்தா, வெக்கப்படாம எடுங்க, உங்கட வீடு மாதிரி நெனச்சி எடுங்க!" என்று பலமாகச் சொன்னேன்.

சொல்லி முடித்துப் பல்லை நாக்கால் தடவினேன். மா இல்லை. எச்சிலில் கரைந்து எப்போதோ வயிற்றுக்குப் போய்விட்டது. குழலும் இல்லை.

விழுங்கிவிட்டேனா? விழுங்கியிருந்தால் நல்லது, யா அல்லாஹ், விழுங்கியிருக்கட்டும் என்று துஆக் கேட்டபடி சோற்றைப் பார்த்தேன். நெய்ச்சோற்றில் ஏலம், கராம்பு, கறுவா எல்லாம் கிடந்தன. அவற்றுக்கு நடுவே அந்த அம்மாவின் பக்கத்தில், நான் தள்ளிய கோழித் துண்டுக்குக் கீழே, ஏதோ ஒன்று மினுங்கியது. நான் கையை நீட்டினேன். அதற்குள் அவர் அந்தத் துண்டையும் அந்தச் சோற்றையும் சேர்த்துப் பிடித்து வாயில் வைத்துவிட்டார்.

டக்.

அறை முழுவதும் கேட்டது. அவர் மெல்லுவதை நிறுத்தினார். இடது கையை வாயில் பொத்திக் குனிந்தார். பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நாங்களும் எட்டிப் பார்த்தோம். அதில் என் இரும்புக் குழல் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு பல் கிடந்தது.

முழுப் பல். முன் பல். சம்பந்தம் பேசக் கூப்பிட்டு, நல்ல துண்டாகத் தேடிக் கொடுத்து, மாப்பிள்ளையின் உம்மாவுடைய முன்பல்லை உடைத்துவிட்டேன். இனி என்ன நாள் வைப்பது? மகளைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தரமாக ஒரு முழு வசனம் பேசினார்.

"பல்லு என்ட. அப்ப இந்த இரும்பு யார்ட?"

மதினி பதறிப்போய், "எல்லாரும் நாக்கால தடவிப் பாருங்க!" என்று உத்தரவு போட்டார். பாவம் அந்த உறவுப் பெண்கள், ஒன்றும் விளங்காமல் தங்கள் பல்லைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார்கள். இனி மறைத்து என்ன பயன்? நான் உதட்டை விலக்கிப் பல்லை முழுவதும் காட்டினேன். ஜன்னல் வெயில் என் கம்பியில் பட்டுத் தெறித்தது.

"என்ட," என்றேன்.

அவர் என் வாயைப் பார்த்தார், நன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு தன் வாயைத் திறந்தார். மேலே நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. உள்ளே கையைவிட்டு ஒரு ரோஸ் நிறத் தகட்டைக் கழற்றி என் இடது கையில் வைத்தார். பொய்ப்பல்லுத் தகடு, அதில் ஒரு பல் மட்டும் இப்போதுதான் உடைந்திருந்தது.

"இது சரியா இறுகாது," என்றார், பல்லில்லாத இடத்தால் காற்று வர. "சிரிச்சா கீழ எறங்கும். கதச்சா ஆடும். முறுக்குக் கடிச்சா கையோட வரும். நான் எங்கயும் வாயத் தொறக்கிறல்ல. நீங்க அண்டைக்கி என்னப் பாத்து ஒரு சிரிப்புக் கூடச் சிரிக்கல்ல. படிச்ச பொம்புள, டீச்சர், பெருமக்காரி, எங்கட வள்ளக்காரக் குடும்பத்த மதிக்கிறல்லன்டு நெனச்சேன். இந்த வாசலுக்கா என்ட புள்ளய அனுப்பிறன்டு மூணு நாளு நித்திர இல்ல."

"நான் உங்கள பெருமக்காரின்டு நெனச்சேன் ராத்தா!"

"சம்பந்தி," என்றார் அவர், "வாய இன்னொருக்காத் தொறங்க. நல்லாப் பாக்க விடுங்க."

சம்பந்தி என்று சொன்னார். அதுவரைக்கும் அவர் என்னை எந்த உறவுமுறையும் சொல்லி அழைத்ததில்லை. பின்னால் சாடி விழுந்து தண்ணீர் பாயெல்லாம் ஓடியது. மகள் அதை எடுக்கவும் இல்லை, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தது என்று இன்றைக்கும் எங்களுக்குள் வழக்கு இருக்கிறது. எனக்குச் சிரிப்பு அடிவயிற்றில் இருந்து கிளம்பியது. வழக்கம்போல் கை எழும்பியது. வலது கையெல்லாம் நெய்ச்சோறு. இடது கையில் அவருடைய தகடு. மூடுவதற்குக் கையே இல்லை. முப்பது வருஷத்துச் சிரிப்பு முழுவதும் மூடியில்லாமல் வெளியே கொட்டியது. சம்பந்தி பல்லில்லாத வாயைத் திறந்து ஹோ ஹோ என்று தொடையில் அடித்துச் சிரித்தார். மதினி மூக்கால் தண்ணீர் வரச் சிரித்தார். ஆண்கள் ஹோலில் இருந்து, "என்ன, என்ன?" என்று கேட்டார்கள். "ஒன்டுமில்ல, பல்லு விழுந்திட்டுது!" என்று மதினி கத்தினார். "யார்ட?" என்றார் என் கணவர். அதைக் கேட்டதும் எங்களுக்கு மறுபடியும் தொடங்கிவிட்டது.

அந்தச் சஹனை எடுத்துவிட்டு வேறு சஹன் வைத்தார்கள். சம்பந்தி இனி ஒளிக்க ஒன்றும் இல்லையென்று பல்லில்லாமலேயே ஒரு கை பார்த்தார். வட்டலப்பத்தில் எனக்குப் பாதியைத் தள்ளி, "இது எங்க ரெண்டு பேருக்குத்தான் சரி," என்றார். சாப்பாடு முடிந்ததும் அவர்கள் வந்த வேனிலேயே நாங்கள் இரண்டு பேரும் புத்தளத்துக்குக் கிளம்பினோம். என் குழல் ஒரு கடுதாசிச் சுருளில், அவருடைய பல்லும் தகடும் ஒரு டிபன் பெட்டியில். உப்பளங்களைக் கடந்து போகும்வரைக்கும் அவர் வாயை மூடவில்லை. எங்கள் வீட்டு முறுக்கு நல்ல வாசமாக இருந்ததாம், அன்று அதைத் தொட முடியாமல் வீட்டுக்குப் போய் மகனோடு சண்டை பிடித்தாராம். இவ்வளவு கதையை அவர் எங்கேதான் அடக்கி வைத்திருந்தாரோ!

டொக்டர் குழலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "உண்மை சொல்லுங்க. என்ன கடிச்சீங்க?"

"மாசி," என்றேன்.

"உம்பலகடயா?" என்று அவள் சிங்களத்தில் அலறினாள். "அம்மே! அது சுத்தியலால உடைக்கிற சாமான்!"

"நீங்க வேணாமென்டு சொன்ன சாமான்கள்ல மாசி இல்ல டொக்டர்," என்றேன். டொக்டர் கதிரையைச் சாய்த்து என் வாயைத் திறக்கச் சொன்னாள். பல்லைத் துடைத்துக் குழலைத் திரும்ப ஒட்டினாள், கம்பி நுனியைக் கத்தரித்தாள். கன்னத்தில் ஏறிய தூண்டில் இறங்கியதும் உலகமே இனிப்பாகிவிட்டது. அடுத்தது சம்பந்தி கதிரையில் ஏறினார். தகடு பழசு, பல் இருந்த முரசுச் சதை சுருங்கிவிட்டது, அதனால்தான் இறங்குகிறது, புதிதாய் அளவெடுத்துச் செய்வோம், இறுக்கமாய் நிற்கும் என்றாள் டொக்டர்.

சம்பந்தி வாய் நிறைய அளவெடுக்கும் பசையோடு கையை ஆட்டி என்னைக் காட்டினார். பசையை எடுத்ததும் கேட்டார். "இவங்கட கம்பி எப்ப கழட்டுவீங்க?"

"இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல போகும்."

"அவ்வளவு காலம் புள்ளைகளக் காக்க வெக்க ஏலாது," என்றார் சம்பந்தி. "பெருநாள் முடிஞ்ச கையோட கலியாணத்த வெப்போம். கம்பியோடயே நிக்கட்டும்." பிறகு என் ஃபோனை வாங்கி என் மகளை அவரே கூப்பிட்டார். "மகள், நான் மாமி கதைக்கிறன். பல்லில்ல, சத்தம் வேற மாதிரி இரிக்கும், பயப்படாதீங்க." அந்தப் பக்கம் என் பிள்ளை என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. சம்பந்தியின் கண் கலங்கியது மட்டும் தெரிந்தது. ஆளைக் குறைத்துக்கொள்ளப் போகிறவர் அவர்தானே, அவருக்கும் ஒரு தரம் அழ வேண்டியிருந்திருக்கும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கிழமைக்கு இரண்டு நாள் மகனை உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன் என்றேன். மூன்று நாள் என்றார். சரி என்றேன்.

கலியாணத்தன்று அவருக்குப் புதுத் தகடு வந்திருந்தது. எனக்குக் கம்பி, அதில் மகள் தன் சாரிக்குப் பொருத்தமாக இளம்பச்சை ரப்பர் மாட்டச் சொல்லியிருந்தாள். படம் பிடிக்கிறவர் பொண்ணையும் மாப்பிள்ளையையும் நடுவில் நிறுத்தி, எங்கள் இருவரையும் ஒரு பக்கத்தில் நிறுத்தி, "சிரிங்க" என்றார். யாரோ பின்னால் இருந்து, "மாசி!" என்று கத்தினார்கள், அது மதினியாகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. முப்பது வருஷப் பழக்கம், கை தன்பாட்டில் வாயைத் தேடி எழும்பியது.

அந்தப் படம் இப்போது எங்கள் ஹோலில் தொங்குகிறது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், கம்பி மினுங்குகிறது, பக்கத்தில் சம்பந்தி அதைவிடப் பெரிதாய்ச் சிரிக்கிறார். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு, சம்பந்திமார் என்றால் இப்படி இருக்க வேண்டும், எவ்வளவு ஒற்றுமையாய்க் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்கிறார்கள். நாங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. என் கை எழும்பாதபடி அவர் மணிக்கட்டை அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.